அலுமினியம் நைட்ரைடு படலத்துக்குள் ஒலி எப்படிச் சிறைப்படுகிறது?

கேள்வி:
கைபேசியின் அலைவரிசை வடிகட்டிகளில், மின்சமிக்ஞை ஒரு அலுமினியம் நைட்ரைடு படலத்தில் ஒலியாக மாறி, மேலும் கீழும் எதிரொலித்து, மீண்டும் மின்சமிக்ஞையாகிறது என்று படித்தேன். அதில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 11,000 மீட்டர் செல்வதால், 2 கிகாஹெர்ட்ஸில் அரை அலைநீளம் 2.75 மைக்ரோமீட்டர் என்று கணக்கிட்டேன். படலத்தின் அடியில் காற்றிடைவெளி விடுகிறார்கள்; ஆனால் காற்றும் ஒலியைக் கடத்தும் ஊடகம்தானே, பிறகு ஒலி ஏன் கசிவதில்லை?

மறுமொழி 1:
எல்லையில் ஒலி கடக்குமா திரும்புமா என்பதை, அடர்த்தியை ஒலிவேகத்தால் பெருக்கிவரும் 'ஒலி மறுப்பு' தீர்மானிக்கிறது. அலுமினியம் நைட்ரைடின் ஒலி மறுப்பு காற்றினுடையதைப் போல் 80,000 மடங்குக்கும் மேல் என்பதால், ஒவ்வொரு மோதலிலும் ஒரு லட்சத்தில் ஏறத்தாழ ஐந்து பங்கு ஆற்றல் மட்டுமே வெளியேறும். படலம் நேரடியாகச் சிலிக்கன் மீது இருந்தாலோ, மறுப்புகள் நெருங்கியிருப்பதால், பத்தில் ஒரு பங்குகூடத் திரும்பாது. இடைவெளி விட விரும்பாதவர்கள், டங்ஸ்டனையும் சிலிக்கன் டைஆக்சைடையும் கால் அலைநீளத் தடிப்பில் மாறி மாறி அடுக்கி, அந்த அடுக்கையே ஒலியைத் திருப்பியனுப்பும் ஆடியாகப் பயன்படுத்துகிறார்கள். ஒரு திருத்தம்: மின்சமிக்ஞையைத் தரவும் பெறவும் படலத்தின் மேலும் கீழும் உள்ள உலோக மின்முனைகளின் நிறையும் அதிர்வெண்ணைக் குறைப்பதால், உண்மையான படலம் உங்கள் கணக்கைவிட மெல்லியதாகவே இருக்கும்.

கேட்டவர்:
மிக்க நன்றி. மேலும் கீழும் தெளிவாகிவிட்டது. ஆனால் படலம் மின்முனையைத் தாண்டியும் நீள்கிறதே; பக்கவாட்டில் தடுப்பது எது?

மறுமொழி 2:
இதுதான் இத்துறையின் மிக அழகான பகுதி என்பேன். 1960களில் இயற்பியலாளர் வில்லியம் ஷாக்லியும் அவருடன் பணியாற்றியவர்களும் குவார்ட்ஸ் தகடுகளில் இதை விளக்கினார்கள். மின்முனையின் நிறை, தனக்குக் கீழுள்ள பகுதியின் ஒத்ததிர்வு அதிர்வெண்ணைச் (அப்பகுதி இயல்பாக வலுத்து அதிரும் அதிர்வெண்ணை) சற்றே தாழ்த்துகிறது; வெளிப்பகுதியின் அதிர்வெண் அதைவிட உயர்ந்திருப்பதால், உள்ளே எழுந்த அலை அங்கே பரவ இயலாமல் விளிம்பிலிருந்து விலக விலகத் தேய்ந்துவிடுகிறது. அதாவது, சுவர் எதுவுமே இல்லாமல் ஒலி அடைபடுகிறது. ஆயினும் இந்த விளக்கத்தை அலுமினியம் நைட்ரைடுக்கு அப்படியே பொருத்தக்கூடாது. அதன் தடிப்புவாட்டு (மேல்-கீழ்) அதிர்வில் நிலைமை தலைகீழ்: ஒத்ததிர்வுக்குக் கீழான அதிர்வெண்களில்தான் பக்கவாட்டு அலை பரவும். ஆகவே வெளிப்பகுதியே கசிவுக்கு வழியாகிவிடும் என்பதால், மின்முனையின் விளிம்பில் குறுகிய, சற்றே தடித்த சட்டம் ஒன்றை அமைத்து அதைச் சரிக்கட்டுகிறார்கள்.

மறுமொழி 3:
மேற்கண்டதோடு வடிவத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மின்முனை சதுரமாக இருந்தால், எதிரெதிர் பக்கங்களுக்கிடையே பக்கவாட்டு நிலையலைகள் எழுந்து, வடிகட்டியின் அலைவரிசையில் சிறுசிறு பள்ளங்களை உண்டாக்கும். அதனால்தான் நுண்ணோக்கியில் பார்த்தால், எந்த இரு பக்கங்களும் இணையாக இல்லாத ஒழுங்கற்ற ஐங்கோணங்கள் தென்படுகின்றன. அந்த அலைகள் இதனால் அழிவதில்லை. ஒரே அதிர்வெண்ணில் குவியாமல் பலவற்றில் சிதறிவிடுவதால், ஒவ்வொரு பள்ளமும் ஆழமற்றுப் போகிறது.