டெம்பரேச்சர் முள் வண்டி நிற்கும்போது ஏறுகிறதா, ஓடும்போது ஏறுகிறதா?

*வளவு வீட்டுக் குழு, காரைக்குடி*

மெய்யப்பன்: அம்மான், வணக்கம். காரில் டெம்பரேச்சர் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டுவிடுகிறது. பட்டறையில் ரேடியேட்டரையே மாற்ற வேண்டும் என்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை முன்னோருக்கு நடக்கும் படைப்புக்கு ஆயாவைத் தேவகோட்டையிலிருந்து அழைத்து வர வேண்டும். உங்களைக் கேட்காமல் பணத்தைப் போட மனமில்லை.

சொக்கலிங்கம் அம்மான்: முள் எப்போது ஏறுகிறது என்பதை முதலில் சொல், மெய்யப்பா. சாலையில் ஒரே சீராக ஓடும்போதா, நெரிசலில் நிற்கும்போதா?

மெய்யப்பன்: ஓடும்போது நடுவிலேயே இருக்கிறது. பிள்ளையார்பட்டிக் கோயிலருகே ஊர்ந்து போனபோதுதான் ஏறியது. ஏசியும் அந்நேரம் வெறுங்காற்றாகிவிட்டது.

சொக்கலிங்கம் அம்மான்: அப்படியானால் ரேடியேட்டரில் கை வைக்க அவசரம் வேண்டாம். வண்டி ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்வித்துவிடும். நிற்கும்போது அந்த வேலையை ஃபேன்தான் செய்ய வேண்டும். உள்ளே அடைப்பு இருந்தால் பெரும்பாலும் வேகமாகப் போகும்போதும் மேடேறும்போதும்தான் முள் ஏறும். ஏசியின் சூட்டை வெளியேற்றும் கண்டென்சருக்கும் அதே ஃபேன்தான் காற்றுத் தருகிறது என்பதால், நீ சொன்ன இரண்டு குறைகளும் ஒரே இடத்தைத்தான் காட்டுகின்றன. இன்ஜினை ஓடவிட்டு ஏசியைப் போட்டுப் பார். சற்று நேரத்தில் ஃபேன் சுற்ற வேண்டும். சுற்றாவிட்டால் ஃபியூஸ், ஃபேனுக்கு மின்சாரத்தை இணைத்துவிடும் ரிலே, மோட்டார் என்ற வரிசையில் பார்க்கச் சொல். இறக்கையருகே கையைக் கொண்டு போகாதே. சில வண்டிகளில் சாவியை எடுத்த பின்னும் அது தானாகச் சுற்றத் தொடங்கும்.

வள்ளி ஆச்சி: தம்பி, தண்ணீர் குறைந்திருக்கிறதா என்று பார்க்கச் சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறந்துவிடாதே. எங்கள் டிரைவர் கையில் ஆவி அடித்ததைக் கண்ணால் பார்த்தவள் நான்.

சொக்கலிங்கம் அம்மான்: வள்ளி சொல்வதை அப்படியே கேள். மூடி அழுத்தத்தைப் பிடித்து வைத்திருப்பதால்தான் இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. மூடி கழன்ற நொடியில் அழுத்தம் இறங்கி, கொதித்துப் பீறிடும்.

மெய்யப்பன்: பார்த்துவிட்டேன், அம்மான். ஏசி போட்டும் ஃபேன் அசையவில்லை. ஃபியூஸ் நன்றாக இருக்கிறது. பக்கத்தில் அதே எண்ணுடன் இருந்த ஹாரன் ரிலேயை எடுத்துச் செருகியதும் ஃபேன் சுற்றியது. ஆறிய பின் மூடியைத் திறந்தால் விளிம்பில் வெள்ளையாகக் காறை படிந்திருக்கிறது. தண்ணீர் துரு நிறமாக இருக்கிறது.

சொக்கலிங்கம் அம்மான்: அந்தக் காறை போர்த் தண்ணீரின் உப்பு. யாரோ கூலன்ட்டுக்குப் பதில் அதையே ஊற்றி வந்திருக்கிறார்கள். நம் வண்டிகள் பலவற்றைக் கெடுப்பது இதுதான் என்பது என் எண்ணம். முழுவதும் வடித்துக் கழுவி, கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி கலந்து நிரப்பு. பிறகும் முள் ஏறினால், மேல் ஹோஸ் கொதிக்கக் கீழ் ஹோஸ் குளிர்ந்திருக்கிறதா என்று கவனிக்கச் சொல். அப்படியிருந்தால் கூலன்ட்டை ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் வால்வான தெர்மோஸ்டாட் திறக்காமல் இருக்கலாம், ரேடியேட்டர் அடைத்தும் இருக்கலாம். இன்ஜின் ஆயில் பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால் இன்ஜினுக்குள் ஆயிலும் கூலன்ட்டும் கலக்காமல் அடைத்து நிற்கும் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்க வேண்டும். அந்த நிலையில் வண்டியை எடுக்கவே கூடாது.

மெய்யப்பன்: ஆயில் தெளிவாக இருக்கிறது. நாளைக் காலையே கழுவக் கொடுத்துவிடுகிறேன்.

சொக்கலிங்கம் அம்மான்: நல்லது. பழைய ரிலேயைக் கையோடு கடைக்கு எடுத்துப் போய், அதே எண் உள்ளதாகப் பார்த்து வாங்கு. ஹாரன் ரிலேயை அதன் இடத்திலேயே திரும்பச் செருகிவிடு.