பிரிசிப்பிடேட்னா அவசரப்படுறதா? கெமிஸ்ட்ரில வேற சொன்னாங்களே

மோர்மிளகா: ஆபீஸ்ல ஒரு மெயில், "பிரிசிப்பிடேட் ஆக்‌ஷன் எதுவும் எடுக்க வேணாம்"னு. எனக்கு பிளஸ் டூ லேப்தான் ஞாபகம் வருது, உப்புத் தண்ணில சில்வர் நைட்ரேட் ரெண்டு சொட்டு விட்டா தயிர் திரிஞ்ச மாதிரி வெள்ளையா வருமே அது. ரெண்டும் ஒரே வார்த்தையா?

பழையபேப்பர்: ஒண்ணேதான். லத்தீன்ல ப்ரே-ன்னா முன்னாடி, காபுட்-னா தலை, ரெண்டும் சேந்து ப்ரேசெப்ஸ், அதாவது தலைகுப்புற. யோசிக்காம தலைகுப்புற பாயுறதும் அதான், கரைசல்லேருந்து பிரிஞ்சு அடில விழுற வீழ்படிவும் அதான், மழைக்கு பிரிசிப்பிடேஷன்னு சொல்றதும் மேலேருந்து விழுறதாலதான். செங்குத்துப் பாறை விளிம்பு, பிரிசிபிஸ், அதுவும் இதே குடும்பம்.

மோர்மிளகா: அட, அப்ப நம்ம "எடுத்தேன் கவிழ்த்தேன்"னு வெச்சுக்கலாமா?

பழையபேப்பர்: கிட்டத்தட்ட கச்சிதம், கவிழ்றது அதுலயும் இருக்கே.

ரெண்டாம்காபி: உச்சரிப்புல பாத்துக்கோங்க, வினைச்சொல்லா வந்தா கடைசில "டேட்", "அவசரமான"னு வந்தா பெரும்பாலும் "டிட்". நான் ஒரு மீட்டிங்ல மாத்திச் சொல்லி மேனேஜர் திருத்துனாரு, இன்னும் காது சுடுது. அப்புறம் பிரிசிப்பிடஸ்-னு ஒண்ணு இருக்கு, அது செங்குத்தான சரிவுக்கு, மார்க்கெட் விழுந்தா பேப்பர்ல போடுவாங்க.

பழையபேப்பர்: இங்கிலீஷ்ல தலைகுப்புறன்னு சொல்ற ஹெட்லாங்கும் இதே கதைதான், ஆனா அதுல நீளம்ங்கிற லாங் கிடையாது, முன்னாடி ஹெட்லிங்னு இருந்தது பேச்சுல மருவிருச்சு.