ஆறு வட்ட மீட்டரா, ரெண்டு கண்ணாடித் திரையா: மேகத்துக்குள்ள எதை நம்புறது?

சனிக்கிழமை_பைலட்:

வணக்கம். டாலஸுக்கு வடக்கே ஒரு சின்ன ஏர்போர்ட்ல ஃப்ளையிங் கிளப் மெம்பர் நான். வயசு 47. வாரம் பூரா டேட்டாபேஸ் வேலை, சனிக்கிழமை காலையில மட்டும் பைலட். மொத்தம் 190 மணி நேரம் பறந்திருக்கேன். அதுல முக்கால்வாசி கிளப்போட 1978 செஸ்னா 172ல. ஆறு வட்ட மீட்டர், வெயில்ல வெடிச்சுப்போன பிளாஸ்டிக் பேனல், அவ்வளவுதான்.

இப்போ மேகத்துக்குள்ள பறக்க இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் ஆரம்பிச்சிருக்கேன். கிளப்ல இன்னொரு விமானம் இருக்கு. 2007 தயாரிப்பு, மீட்டருக்குப் பதிலா ரெண்டு பெரிய திரை. என்ன மாடல்னு இங்க எழுதல, கிளப்ல தமிழ் படிக்கத் தெரிஞ்ச ஒருத்தர் இருக்கார். இன்ஸ்ட்ரக்டர் "அதுலயே படிச்சிடு, இனிமே எல்லாம் அதுதான்"ங்கறார். நானும் ஒத்துக்கிட்டு ஏழெட்டு மணி நேரம் ஓட்டிட்டேன்.

மூணு வாரம் முன்னாடி, 4,500 அடியில, வானம் பளிச்சுன்னு இருக்கும்போது, இடது திரையில வேகம், உயரம், ஏற்ற இறக்கம் மூணு இடத்துலயும் பெரிய சிவப்பு எக்ஸ் விழுந்துச்சு. நடுவுல இருக்கிற செயற்கை அடிவானம் மட்டும் ஒண்ணுமே நடக்காத மாதிரி நீலமும் பழுப்புமா நின்னுது. பதறிப்போய் பேக்கப் பட்டனை அமுக்கினேன். வலது திரையும் இடது திரை மாதிரியே மாறுச்சு. அதுலயும் அதே மூணு எக்ஸ். ரெண்டு திரைன்னா ரெண்டு மூளைன்னு அதுவரைக்கும் நினைச்சுட்டிருந்தேன்.

நாற்பது விநாடியில தானா சரியாச்சு. இறங்கும்போது இன்னும் ரெண்டு தடவை வந்து போச்சு. மெக்கானிக் பார்த்துட்டு, பின்னாடி ஒரு கனெக்டர் சரியா உட்காரலைன்னு சொல்லி அழுத்தி மாட்டினார். லாக்புக்ல ஒரே ஒரு வரி.

வெளிச்சத்துல நடந்ததால ஜன்னல் வழியா பார்த்துக்கிட்டே ஓட்டிட்டேன். மேகத்துக்குள்ள ஆகியிருந்தா? வீட்ல வேற, "நம்ம டிவியே வருஷத்துக்கு ஒருக்கா மண்டையைப் போடுது, அதை நம்பியா புள்ளைங்களைக் கூட்டிட்டுப் போறீங்க"ன்னு ஒரு கேள்வி. பதில் சொல்லத் தெரியல.

ஓட்டினவங்க, ரிப்பேர் பண்ணினவங்க சொல்லுங்க. பழைய 172லயே ரேட்டிங்கை முடிச்சிடலாமா?

---

திருப்புளி:

அண்ணாச்சி, 19 வருசமா இந்தப் பெட்டிகளைக் கழட்டி மாட்டுறதுதான் எனக்குப் பொழப்பு. ஊரு பாளையங்கோட்டை, இப்போ கனடாவுல. உங்க விமானத்துல எந்தக் கம்பெனி பெட்டின்னு நீங்க சொல்லல, அது வேண்டாம். எனக்கு நல்லாப் பழகினது கார்மின் ஜி1000, அதை வச்சுச் சொல்லுதேன். மத்ததும் பெரும்பாலும் இதே குடும்பந்தான்.

முதல்ல, உங்க திரை கெட்டுப்போகல. திரைங்கது வெறும் முகம். பின்னாடி தனித்தனியா பெட்டி இருக்கு. காத்தழுத்தத்தை அளந்து வேகம், உயரம், ஏற்ற இறக்கம் மூணையும் கணக்குப் போடுதது ஏர் டேட்டா கம்ப்யூட்டர். விமானம் எந்தப் பக்கம் சாயுதுன்னு சொல்லுதது வேற பெட்டி, நாங்க ஏஹார்ஸ்னு கூப்பிடுவோம். உங்களுக்கு அந்த மூணும் ஒண்ணாப் போயி அடிவானம் மட்டும் நின்னுருக்கு. அப்போ போனது ஏர் டேட்டா, இல்லேன்னா அதுல இருந்து வார ஒயர். எக்ஸ் விழுந்த இடத்தைப் பாத்தே பாதி நோயைக் கண்டுபிடிச்சிரலாம். சின்ன விமானத்துல அந்தப் பெட்டி பெரும்பாலும் ஒண்ணே ஒண்ணுதான். ரெண்டு திரையும் ஒரே கிணத்துலதான் தண்ணி இறைக்கு. பட்டனை அமுக்கினதும் ரெண்டுலயும் எக்ஸ் வந்தது அதனாலதான். திரையே இருண்டுபோனாத்தான் அந்தப் பட்டன் உதவும்.

எம் பெஞ்சுக்கு வாரதுல திரை செத்து வந்தது கம்மி. கனெக்டர், கூலிங் ஃபேன், தேஞ்சுபோன திருகு, காத்தழுத்தத்தைப் பிடிக்க வெளிய நீட்டிக்கிட்டிருக்க பிட்டோ குழாய்க்குள்ள குளவி கட்டின மண்ணு, எலி கடிச்ச ஒயர், இதுகதான் ஜாஸ்தி. டெக்சாஸ் வெயிலுக்கு அந்த ஃபேனைக் கொஞ்சம் கவனிங்க. தரையில நிக்கும்போது திரைக்குப் பின்னாடி அடுப்பு மாதிரிக் கொதிக்கும். சூடு ஏறினா திரை தானாவே வெளிச்சத்தைக் குறைச்சுக்கிடும்.

இப்போ பழைய 172. அதுல அடிவான மீட்டரும் திசை மீட்டரும் சுத்துதது எஞ்சின்ல மாட்டின, காத்தை உறிஞ்சுத வேக்குவம் பம்புல. உள்ள கார்பன் தகடு. தேஞ்சு தேஞ்சு ஒருநாள் பொடிப்பொடியா ஒடையும், முன்னாடி ஒரு சத்தமும் இருக்காது. ஒடஞ்ச உடனே மீட்டர் விழுந்துட்டா பரவால்ல. விழாது. உள்ள சக்கரம் வேகம் குறைய நிமிசக்கணக்காகும், அதுவரைக்கும் கொஞ்சங் கொஞ்சமாச் சாயும். மேகத்துக்குள்ள இருக்கவரு அந்தச் சாய்வை உண்மைன்னு நம்பி, அதை நேராக்குதேன்னு விமானத்தைக் கவுத்திருவாரு. திரையில எக்ஸ் விழுதது, 'எனக்குத் தெரியல'ன்னு அது வாய்விட்டுச் சொல்லுதது. வட்ட மீட்டர் அப்படிச் சொல்லவே சொல்லாது. பொய் சொல்லிக்கிட்டே சாகும்.

ஆனா கண்ணாடிக்கு உயிர்நாடி கரண்டு. பழைய விமானத்துல கரண்டு தயாரிக்கிற ஆல்டர்னேட்டர் போனாலும் வேக்குவம் மீட்டர் ஓடும், வேக்குவம் போனாலும், விமானம் திரும்புததைக் காட்டுத டர்ன் கோஆர்டினேட்டர் கரண்டுல ஓடும். ஒண்ணு போனா இன்னொண்ணு. திரை விமானத்துல ஆல்டர்னேட்டர் போனா நேரம் எண்ண ஆரம்பிச்சிரணும். ஜி1000 வச்ச 172ல 24.5 வோல்ட்டுக்குக் கீழ போனதும் 'லோ வோல்ட்ஸ்'னு சிவப்புல காட்டும். மெயின் பேட்டரியும் தீந்தா துணை பேட்டரி இடது திரையையும் ஒரு ரேடியோவையும் சுமாரா 30 நிமிசம் தாங்கும், வலது திரை அணைஞ்சிரும். அந்த 30 நிமிசமும் பேட்டரி நல்லா இருந்தாத்தான். கிளம்புததுக்கு முன்னாடி துணை பேட்டரி ஸ்விட்சை டெஸ்ட்ல, விமானக் கையேட்டுல போட்டிருக்க விநாடி முழுக்கப் பிடிச்சுக்கிட்டு பச்சை விளக்கு அணையாம நிக்கான்னு பாக்கச் சொல்லியிருக்கு. ரெண்டு விநாடி பிடிச்சுட்டு விடுத ஆளுகளை நிறையப் பாத்தாச்சு.

இன்னொரு கூத்து. 2007 வாக்குல வந்த அந்த 172கள்ல திரை போனாப் பாக்கதுக்கு கீழ ஒரு குட்டி அடிவான மீட்டர் இருக்கும். அது எதுல ஓடுது? அதே வேக்குவம் பம்புல!

ஆட்டோபைலட் என்ன மாடல்னும் பாத்து வச்சுக்கிடுங்க. கேஏபி 140ன்னா அது பேனலுக்குப் பின்னாடி கண்ணுக்குத் தெரியாம ஒளிஞ்சிருக்க டர்ன் கோஆர்டினேட்டரை வச்சு ஓடுது, ஏஹார்ஸ் செத்தாலும் இறக்கையை நேராப் பிடிக்கும். அதுக்கு அடுத்து வந்த ஜிஎஃப்சி 700 அதைவிட எவ்வளவோ நல்லது, ஆனா ஏஹார்ஸ் போச்சுன்னா அதுவும் கையை விட்டுரும்.

---

ரன்வே_09:

ஒரு ஐபேடும் ஒரு சின்ன ஏஹார்ஸ் டப்பாவும் வெச்சுக்கிட்டா முடிஞ்சுது. இதுக்கு ஏன் இவ்வளவு நீளமா?

---

கோயமுத்தூர்க்காரி:

ரன்வே_09, ஜூலை மாசம் ஃப்ளோரிடாவுல ஐபேடை டேஷ்போர்டு மேல வெச்சுப் பாருங்க. சூடு தாங்காம முதல்ல அணையறது அதுதானுங்க.

சனிக்கிழமை அண்ணா, நான் ஃப்ளோரிடாவுல ட்ரெயினிங் முடிச்சு அங்கயே இன்ஸ்ட்ரக்டரா இருக்கேனுங்க. முதல் நாள்ல இருந்து ஜி1000தான். வட்ட மீட்டரை முதல்முதலா ஓட்டினது 210 மணி நேரம் முடிஞ்சப்புறம், அன்னிக்கு எனக்கு உங்க நிலைமைக்கு நேர்மாறு. எண்ணைத் தேடித் தேடி கண்ணு வலிச்சுப்போச்சு.

திருப்புளி அண்ணா சொன்னது எல்லாம் சரிதானுங்க, ஆனா எது சீக்கிரம் கெடும்ங்கறதை வெச்சு மட்டும் முடிவெடுக்காதீங்க. 2010ல அமெரிக்காவோட விபத்து விசாரணை அமைப்பான என்டிஎஸ்பி இதைப் பத்தியே ஓர் ஆய்வு வெளியிட்டாங்க. 2002ல இருந்து 2006 வரைக்கும் செஞ்ச 8,000க்கு மேல சின்ன பிஸ்டன் விமானங்களை எடுத்து, திரை இருக்கறதையும் இல்லாததையும் ஒப்பிட்டாங்க. மொத்த விபத்து திரை விமானத்துல அதிகமில்லீங்க. ஆனா உயிர் போன விபத்து, 2006, 2007 கணக்குல, லட்சம் மணி நேரத்துக்கு திரை விமானத்துல 1.03, மீட்டர் விமானத்துல 0.43. எங்க மாணவர்கள் கிட்ட இந்த ரெண்டு எண்ணைச் சொன்னா ஒரு நிமிஷம் பேச்சே வராது.

அதுக்காகத் திரைதான் கொன்னுச்சுன்னு அர்த்தமில்லீங்க. மீட்டர் விமானங்க பெரும்பாலும் ட்ரெயினிங்ல, ஏர்போர்ட்டைச் சுத்திக்கிட்டு இருந்தது. திரை விமானங்க தூரப் பயணம், மோசமான வானிலைன்னு போனது. திரையில மழை தெரியுது, மலை தெரியுது, அதனால போயிரலாம்ங்கற தைரியம் வருது. இந்தத் தைரியத்துக்கு எந்த மெக்கானிக்கும் ஒண்ணும் பண்ண முடியாதுங்க.

என் வேலையில எனக்கு உறுத்தறது வேற. மீட்டர் விமானத்துல அடிவானம் கெட்டுப்போச்சுன்னு பழக்கணும்னா ஒரு ரப்பர் மூடியை எடுத்து அது மேல ஒட்டினாப் போதும், அந்த ஒண்ணு மட்டும் போயிரும். திரையில அப்படி ஒண்ணை மட்டும் எப்படி அணைக்கறது? வெளிச்சத்தைக் குறைச்சு மொத்தத் திரையையும் இருட்டாக்கலாம், அவ்வளவுதான். சர்க்யூட் பிரேக்கரை இழுத்துப் பழக்காதீங்கன்னு தயாரிப்பாளர்களே சொல்றாங்க. அதனால மாணவங்க 'முழுத்திரை போச்சு'ங்கறதை மட்டும் பத்து தடவை பார்த்திருப்பாங்க, உங்களுக்கு வந்த மாதிரி பாதி போறதைப் பார்த்தே இருக்க மாட்டாங்க. இதுக்கு சிமுலேட்டர் பயிற்சி வேணும்னு அந்த ஆய்வுலயும் எழுதியிருக்காங்க.

பக்கத்துல எங்காச்சும் ஜி1000 சிமுலேட்டர் இருக்கான்னு பாருங்கண்ணா. இன்ஸ்ட்ரக்டர் பின்னாடி உட்கார்ந்து ஒவ்வொரு பெட்டியா அணைக்கணும், எதை அணைக்கப் போறாருன்னு உங்களுக்குத் தெரியக்கூடாது. அக்காவையும் கூட்டிட்டுப் போங்க, அவங்க கேள்விக்கு அங்க பதில் இருக்கும்.

---

பழைய_வாத்து:

தம்பி, எனக்கு 71 வயது. என் பறத்தல் முழுக்க ஊசி மீட்டரில்தான், திரை விமானத்தில் விருந்தாளியாக மட்டுமே உட்கார்ந்திருக்கிறேன். அதனால் ஒரு தகவலோடு நிறுத்திக்கொள்கிறேன். 2000 அக்டோபரில் மிசௌரி மாநில ஆளுநர் மெல் கார்னஹான் பயணித்த செஸ்னா 335 இரவில், மோசமான வானிலையில் விழுந்தது. ஓட்டியவர் அவருடைய மகன். அவர் பக்கத்து அடிவான மீட்டர் பழுதாகியிருந்தது. வலப்பக்கத்தில் இன்னொன்று இருந்தது. தலையைத் திருப்பித் திருப்பி அதைப் பார்த்துக்கொண்டு ஓட்ட வேண்டிய நிலை. மூவரும் இறந்தார்கள்.

எனவே "பழையது நம்பகமானது" என்று யாராவது டீ குடித்துக்கொண்டே சொன்னால் டீயை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள்.

---

சனிக்கிழமை_பைலட்:

எல்லாருக்கும் நன்றி. பதில் போட ரெண்டு வாரம் ஆயிடுச்சு, கோயமுத்தூர்க்காரி சொன்னதைச் செஞ்சுட்டுத்தான் எழுதணும்னு இருந்தேன்.

ஒரு மணி நேர ஓட்டத்துல ஒரு சிமுலேட்டர் கிடைச்சுது. முதல்ல ஏர் டேட்டாவை அணைச்சார். அதை ஏற்கெனவே நிஜத்துல பார்த்துட்டதால கீழ இருக்கிற வேக, உயரக் குட்டி மீட்டர்களுக்குக் கண்ணு தானாப் போச்சு, பெருசாத் தடுமாறல. அடுத்தது இறங்கும்போது, 1,900 அடியில, ஏஹார்ஸ். நீலமும் பழுப்பும் மொத்தமாக் காணாமப் போயி அந்த இடத்துல ஒரே ஒரு எக்ஸ். ஆட்டோபைலட் டிங்னு ஒரு சத்தத்தோட கழண்டுகிச்சு. நான் செஞ்ச முதல் காரியம் என்ன தெரியுமா? அந்த எக்ஸையே பார்த்துக்கிட்டு அது திரும்ப வருமான்னு காத்திருந்தேன். போன தடவை நாற்பது விநாடியில வந்துச்சே! கீழ பார்க்கும்போது வலது பக்கம் 35 டிகிரி சாய்ஞ்சு 400 அடி இறங்கியிருந்தேன். பின்னாடி இருந்து வீட்டம்மா, "இது வராதுங்க, விடுங்க"ன்னாங்க.

நாலாவது தடவைதான் ஒழுங்கா இறக்கினேன்.

ஜிபிஎஸ்ஸையும் ஒருதடவை அணைச்சார். எங்க ஊர்க்காரனுக்கு அது கற்பனைக் கதை இல்ல. 2022 அக்டோபர்ல டாலஸ் ஃபோர்ட் வொர்த் சுத்துவட்டாரத்துல ஒரு நாளுக்கு மேல ஜிபிஎஸ் குழம்பி, பெரிய ஏர்போர்ட்லயே ஒரு ரன்வேயைக் கொஞ்ச நேரம் மூடினாங்க. திரை கெடல, கனெக்டர் கெடல, வானத்துல இருந்து வர்ற சிக்னல் கெட்டுப்போச்சு. அதுல மட்டும் நான் பாஸ். பழைய 172ல ஜிபிஎஸ்ஸே இல்லாம, தரையில இருந்து வழிகாட்டுற விஓஆர் ரேடியோ சிக்னலைப் பிடிச்சு ஓட்டின பழக்கம்.

முடிவு: திரை விமானத்துலயே ரேட்டிங் படிக்கிறேன். மாசம் ஒரு தடவை சிமுலேட்டர். மேகம் 1,000 அடிக்குக் கீழ இருந்தா கிளம்புறதில்ல, இது வீட்ல போட்ட கண்டிஷன்.

திருப்புளி அண்ணாச்சிக்கு ஒரு கேள்வி. போன சனிக்கிழமை நீங்க சொன்ன மாதிரி டெஸ்ட் ஸ்விட்சைக் கையேட்டு நேரம் முழுசும் பிடிச்சேன். ஏழாவது விநாடியில பச்சை விளக்கு லேசா மங்குச்சு, ஆனா அணையல. இது பாஸா ஃபெயிலா? ஆட்டோபைலட் ஜிஎஃப்சி 700தான், அதையும் பார்த்துட்டேன்.

---

திருப்புளி:

எம் விமானமா இருந்தா நான் கிளம்ப மாட்டேன். துணை பேட்டரியைக் கடைசியா எப்போ மாத்தினாங்க, எப்போ கெப்பாசிட்டி டெஸ்ட் பண்ணினாங்கன்னு லாக்புக்ல பாருங்க. மெயின் பேட்டரி தேதியைப் பாத்துட்டு ஏமாந்துராதீங்க, ரெண்டும் வேற வேற.

---

சனிக்கிழமை_பைலட்:

2016ல இருந்து பக்கம் பக்கமாப் புரட்டிட்டேன். மெயின் பேட்டரி மூணு தடவை மாத்தியிருக்கு. துணை பேட்டரின்னு ஒரு வரிகூடக் காணோம். கிளப்புக்கு மெயில் போட்டிருக்கேன், இந்த சனிக்கிழமை பழைய 172தான்.