ஐடியல் கரைசல்: இலட்சியமா, நல்லியல்பா?

நண்பர்களே, வெள்ளிக்கிழமைக்குள் வேதியியல் பாடம் ஒன்றை மொழிபெயர்த்துத் தரவேண்டும். ரௌல்ட் விதியில் மாட்டிக்கொண்டேன்: கலவையிலுள்ள ஒவ்வொரு திரவத்தின் தூய ஆவி அழுத்தத்தையும் கலவையில் அதன் மோல் பங்கால் பெருக்கிக் கூட்டினால் கரைசலின் ஆவி அழுத்தம் வரும். கணக்கு எளிதுதான்: 25 டிகிரி செல்சியஸில் தூய பென்சீனின் ஆவி அழுத்தம் 95.1 மி.மீ. பாதரசம், டொலுயீனுடையது 28.4. சம மோல் கலந்தால் 0.5 × 95.1 + 0.5 × 28.4, சுமார் 61.8. இது ஐடியல் (ideal) கரைசலுக்குத்தான், அதாவது இவ்விதிக்கு முழுவதும் கட்டுப்படும் கரைசலுக்குத்தான் பொருந்தும். அந்த ஐடியலுக்கு என்ன சொல்? 'இலட்சியக் கரைசல்' என்று எழுதினால் பென்சீன் கொள்கைக்காகச் சிறை சென்றதுபோல் இருக்கிறது.

*

> கொள்கைக்காகச் சிறை

:-) தமிழ்நாட்டுப் பாடநூலில் 'நல்லியல்பு' இருக்கிறதே. நல் + இயல்பு. தனிக்குறில்முன் ஒற்று உயிர்வரின் இரட்டும். வடசொல்லும் இல்லை. போட்டுவிட்டுத் தூங்குங்கள்.

*

இரட்டியது சரி ஐயா. எத்தனாலும் தண்ணீரும் கலந்தால் விதியிலிருந்து விலகுகிறது. அது என்ன, தீயியல்புக் கரைசலா? பொருளைப் பாருங்கள். ஐடியல் வாயுவில் மூலக்கூறுகளுக்கிடையே ஈர்ப்பே இல்லை என்று கொள்கிறோம். கரைசலில் ஈர்ப்பு இல்லாவிட்டால் அது திரவமாகவே இருக்காது. பென்சீன் பென்சீனை இழுப்பதும், டொலுயீன் டொலுயீனை இழுப்பதும், ஒன்று மற்றதை இழுப்பதும் ஏறக்குறைய ஒரே அளவு, அவ்வளவுதான். ஆங்கிலம் இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தது என்பதற்காக நாமும் வைக்கவேண்டுமா? என் பரிந்துரை: 'ஒப்பியல்புக் கரைசல்'.

*

ஒப்பியல் இலக்கியத்துக்குத் தம்பி என்று நினைத்துக்கொள்வார்கள். அது கிடக்கட்டும், பெரிய பிழை 'அழுத்தம்'. அழுந்து, ஆழ் எல்லாமே கீழ்நோக்கிய சொற்கள். இலங்கை வழக்கான அமுக்கமும் அப்படியே. ஆவி மூடியை மேலே அல்லவா தள்ளுகிறது? 'ஆவியுந்தம்' என்க.

*

உந்தம் ஏற்கெனவே மொமெண்டத்துக்குப் போய்விட்டது. அழுத்தம் எல்லாத் திசையிலும் இருக்கும். மூடியை மட்டும் ஏன் பார்க்கிறீர்கள்?

*

நான் வகுப்பில் ஐடியல் என்றே சொல்கிறேன், புரிகிறது. பிள்ளைகள் தடுமாறுவது வேறிடத்தில். திரவத்தில் பாதிப்பாதி என்றால் ஆவியிலும் பாதிப்பாதி என்று எழுதிவிடுகிறார்கள். பென்சீன் தரும் 47.55-ஐ மொத்தமான 61.75-ஆல் வகுத்தால் ஆவியில் பென்சீனின் மோல் பின்னம் (மொத்த மோல்களில் அதன் பங்கு) 0.77. முடிந்தால் அதற்கு ஒரு வரி சேருங்கள்.

*

சேர்த்துவிட்டேன். எண்ணிப் பார்த்ததில் நல்லியல்புக்கு மூன்று பேர். அதையே அனுப்புகிறேன், ஈர்ப்பு ஒத்திருப்பதை அடுத்த வரியிலேயே விளக்கிவிட்டேன்.

*

வாயுவுக்கும் நல்லியல்புதானே போட்டிருக்கிறீர்கள்? என் மறுப்பு அப்படியே நிற்கிறது.

*

ஆவியுந்தத்துக்குத் தனி இழை தொடங்குகிறேன்.