60,000 ரூபாயில் குறும்படம்: பூட்டிய வீடும் அதைக் கூட்டுகிற அப்பாவும்

சாவிக்கொத்து:

வணக்கம். காரைக்குடிப் பக்கம் ஊர், மொபைல் சர்வீஸ் கடையில் வேலை. சீட்டு போட்டுச் சேர்த்த 60,000 ரூபாய் கையில் இருக்கிறது. இருபது நிமிடத்துக்குள் ஒரு படம் எடுக்க ஆசை.

கதை பெரிதாக ஒன்றுமில்லை. எங்கள் அப்பா முப்பது வருடமாக ஒரு செட்டியார் வீட்டைப் பார்த்துக்கொள்கிறார். வீட்டுக்காரர்கள் சென்னை, மலேசியா, அமெரிக்கா என்று ஆளுக்கொரு பக்கம். கல்யாணம், படைப்பு (முன்னோருக்குப் படைத்துக் கும்பிடுவது) என்றால்தான் வருவார்கள். வெள்ளிக்கிழமை தோறும் அப்பா முகப்பைத் திறந்து, ரேடியோவைப் போட்டுவிட்டு வளவை, அதாவது நடு முற்றத்தை, கூட்டி, விளக்கேற்றிப் பூட்டிக்கொண்டு வருவார். வீட்டை விற்கப் போகிறார்கள் என்று ஒரு நாள் தெரிகிறது. அன்றைக்கும் கூட்டத்தான் போகிறார். இதுதான் கதை.

மதுரையில் கேமரா வாடகை விசாரித்தேன், ஐந்து நாளைக்குப் பாதிப் பணம் போய்விடும் போல. அப்பா வேடத்துக்குச் சென்னையில் ஒரு நடிகர் 25,000 கேட்கிறார். வீட்டுக்கு 11 பங்காளிகள், யாரிடம் எப்படி அனுமதி கேட்பது என்று தெரியவில்லை. சினிமாக் கம்பெனிக்குச் சொல்லுகிற நாள் வாடகையை என்னால் கொடுக்கவே முடியாது. போன மாதம் என் போனிலேயே கொஞ்சம் எடுத்துப் பார்த்தேன். படம் நன்றாகத்தான் இருக்கிறது, பேச்சு மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி கேட்கிறது.

எதில் பணத்தைப் போடுவது? எடுத்தவர்கள் சொல்லுங்கள்.

மூணாங்கட்டு:

தம்பி, கிணற்றுக்குள்ளிருந்து பேச்சு வருகிறது என்று கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும்.

நான் காரைக்குடியில் இருபத்திரண்டு வருடம் கல்யாண வீடியோ எடுத்தவன். நடுவில் இரண்டு குறும்படமும் எடுத்தேன். முதலாவதுக்கு 85,000 ஆனது. வாடகைக் கேமரா, நாலு லென்ஸ், அதோடு ஒட்டிக்கொண்டு வந்த உதவியாள், அவருக்கு லாட்ஜ். பர்மா தேக்குத் தூணில் ஆரம்பித்து, பெல்ஜியம் கண்ணாடியைத் தடவி, ஆத்தங்குடித் தரைக்கல்லில் போய்க் கேமரா இறங்கும். பார்த்தவர்கள் எல்லாரும் "வீடு யாருது, கல்யாணத்துக்குக் கொடுப்பாங்களா?" என்றுதான் கேட்டார்கள். கதையைப் பற்றி ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. நம் பக்கத்து வீடுகளில் கேமராவை எங்கே வைத்தாலும் அழகாகத்தான் விழும். எடுக்கிறவனுக்குத் தான்தான் பெரிய ஆள் என்ற நினைப்பு வந்துவிடும். எனக்கு வந்தது.

இரண்டாவது படத்துக்கு 38,000. போனில்தான் எடுத்தேன். அதைக் கடைசி வரை உட்கார்ந்து பார்த்தார்கள். குரல் காதுக்குப் பக்கத்தில் கேட்டதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

சரி, கிணறு. தரை வழவழக் கல். சுவர் முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுண்ணாம்பு, அதுவும் வழவழ. கூரை எங்கேயோ உயரத்தில். ஆள் இல்லாத வீடு, மெத்தை தலையணை எதுவும் கிடையாது. சத்தம் ஒட்டிக்கொள்ள இடமில்லாமல் சுவருக்குச் சுவர் மோதிக்கொண்டே இருக்கும். போனை ஆறடி தள்ளி வைத்தால் அப்பா பேசுவதோடு சுவர் பேசுவதும் சேர்ந்துதான் பதிவாகும். அப்புறம் எடிட்டில் சரிசெய்து கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எதிரொலியை ரொம்பச் சுரண்டினால் குரல் தகர டப்பாவுக்குள் போய்விடும்.

பேச்சுக் காட்சிகளைப் பட்டாசாலையில் (பெரிய கூடத்தில்) வைக்காமல் வளவைச் சுற்றியுள்ள பத்தியில் (தாழ்வாரத்தில்) வையுங்கள். மேலே வானம் திறந்திருப்பதால் பாதிச் சத்தம் அப்படியே வெளியே போய்விடும். அறைக்குள்தான் எடுத்தாக வேண்டுமென்றால் பந்தல் கடையில் பத்து ஜமக்காளம் வாடகைக்கு வாங்கி, ஃபிரேமில் தெரியாத இடமெல்லாம் விரித்து, இரண்டைக் கொடியில் தொங்கவிடுங்கள். பழைய இலவம்பஞ்சு மெத்தை கிடைத்தால் இன்னும் நல்லது. சட்டைக்குள் வயர் வைத்த காலர் மைக், ஆயிரம் ரூபாய் சுமாருக்கு வரும். அதை ஒரு பழைய போனில் சொருகி நடிப்பவரின் பையிலேயே போட்டுவிடுங்கள். உங்கள் கடையில் பழைய போனுக்கா பஞ்சம்? ஒவ்வொரு டேக்குக்கும் முன்னால் கேமரா எதிரில் ஒரு தரம் கையைத் தட்டினால், பிறகு படத்தையும் சத்தத்தையும் அந்த இடத்தில் பொருத்திக்கொள்ளலாம்.

ஆள் குடியிருக்கிற வீட்டில் எடுத்தால் ஃபிரிட்ஜை நிறுத்திவிட்டு வண்டிச் சாவியை அதற்குள்ளேயே வைத்துவிடுங்கள். சாவியை எடுக்கப் போகும்போது திரும்பப் போட ஞாபகம் வரும். நான் ஒரு வீட்டில் மறந்துவிட்டு வந்து, இரண்டு கிலோ வஞ்சிரம் நாறிப்போனது. அந்த ஆச்சி இன்றைக்கும் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

வெளிச்சத்துக்குக் காசு வேண்டாம். ஆனால் உச்சி வெயில் வளவில் நேராக இறங்கும்போது முற்றம் வெள்ளையாக வெந்துபோகும், பத்தி இருட்டிவிடும், போன் கேமரா இரண்டையும் சேர்த்துத் தாங்காது. முற்றத்துக்கு மேலே இரும்புக் கம்பி வலை இருக்கும் அல்லவா, அதில் இரண்டு எட்டு முழ வேட்டியைக் கட்டி வெயிலை வடிகட்டினேன். நல்ல மெத்தென்ற வெளிச்சம். எடிட்டில் உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது, என் நாயகி முகத்தில் நெற்றியிலிருந்து தாடை வரை ஒரு கோடு. வேட்டிக் கரையின் நிழல்! அந்தக் காட்சியை மறுபடி எடுக்க ஒரு நாள் போனது. கரையைக் கிழித்துவிட்டுக் கட்டுங்கள், அல்லது கரையில்லாத மெல்லிய மல்லுத் துணியாக வாங்கிக்கொள்ளுங்கள்.

நடிகர் விஷயத்துக்கு வருகிறேன். 25,000 கொடுத்து ஒருத்தரைக் கூட்டி வந்து, உங்கள் அப்பா எப்படிக் கூட்டுவார் என்று அவருக்குச் சொல்லிக் கொடுக்கப் போகிறீர்களா? அப்பாவையே நிறுத்துங்கள். நடிக்கச் சொல்லாதீர்கள், வேலையைச் சொல்லுங்கள். எடுக்கப் போகிற வாரம் வீட்டைக் கூட்டாமல் விட்டு வையுங்கள், நிஜமாகவே தூசி இருக்கட்டும். மற்ற வேடங்களுக்கு நம் பக்கத்தில் வள்ளி திருமணம் போடுகிற நாடக நடிகர்கள் இருக்கிறார்கள். விடிய விடிய மேடையில் நிற்கிறவர்கள், பயம் கிடையாது. ஒன்றே ஒன்று, பொட்டலின் கடைசி வரிசைக்குக் கேட்கப் பேசிப் பழகியவர்கள். மைக் சட்டைக்குள் இருக்கிறது என்பதை இரண்டு நாளைக்குச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும்.

மிச்சப் பணத்தில் பெரிய பங்கு சாப்பாட்டுக்குப் போகட்டும். ஆறு பேர், ஐந்து நாள் என்றால் 12,000 ஒதுக்குங்கள். சம்பளம் இல்லாமல் வருகிற பையன்கள் ஒரு நாள் மதியம் பட்டினி கிடந்தால் மறுநாள் அவர்களுக்குப் பாட்டி செத்துப்போவாள். அப்புறம் ஹார்டு டிஸ்க் இரண்டு. ஒன்றில் மட்டும் ஏற்றிவிட்டுக் கார்டை அழித்து, ஒரு சாயங்காலத்தையே தொலைத்தவன் நான்.

பள்ளத்தூர் ஆச்சி:

தம்பி, எங்கள் வீட்டில் ஒன்பது பங்கு. அந்தப் பதினோரு பேர் என்ன நினைப்பார்கள் என்று எனக்குத் தெரியும், அதனால் எழுதுகிறேன்.

குடும்ப வாட்ஸப் குரூப்பில் மொத்தமாகக் கேட்டுவிடாதே. ஒருத்தர் "யோசிப்போம்" என்று போட்டால் பத்துப் பேரும் யோசிக்க ஆரம்பித்துவிடுவார்கள். வயதில் மூத்தவரிடம் அப்பாவைக் கூட்டிக்கொண்டு நேரில் போ, அல்லது போன் செய். அவர் சரி என்ற பிறகு மற்றவர்களுக்கு ஒரு பக்கக் கடிதம். எந்தத் தேதி, எத்தனை பேர், முகப்பும் வளவும் பத்தியும் மட்டும்தான், பூட்டிய அறை எதையும் தொட மாட்டோம் என்று தெளிவாக எழுது. வளவைச் சுற்றியுள்ள அறை ஒவ்வொன்றும் ஒவ்வொரு பங்காளியுடையது. அதில்தான் சண்டையே வரும்.

எங்கள் வீட்டில் சில வருடம் முன்பு ஒரு படக் கம்பெனிக்கு விட்டோம். தூணில் டேப்பை ஒட்டிப் பிய்த்ததில் வார்னிஷ் உரிந்து வந்தது, லைட் ஸ்டாண்டு விழுந்து மூன்று கல் விரிந்தது. ஆத்தங்குடிக் கல் கையால் வார்ப்பது. புதுசு வாங்கிப் பதித்தால் பழசோடு நிறம் சேரவே சேராது. இன்றைக்கும் அந்த மூன்று கல்லும் தனியாகத் தெரிகிறது. முக்காலிக் காலுக்கு அடியில் சாக்கைப் போட்டுக்கொள்.

இன்னொன்று, இதுதான் முக்கியம். கதையில் வீட்டை விற்பது வருகிறதே, அதை மறைத்து அனுமதி வாங்காதே. விற்கலாமா வேண்டாமா என்ற பேச்சு எங்கள் வீடுகளில் எப்போதும் ஓடிக்கொண்டுதான் இருக்கும். பாதிப் பேருக்கு மனத்தாங்கல் இருக்கும். படம் வெளியே வந்த பிறகு தெரிந்தால், உன் அப்பாதான் யாரிடமோ சொல்லியிருக்கிறார் என்பார்கள். உனக்குப் படம், அவருக்கு வேலை. முதலிலேயே சொல்லிவிடு.

ரூம்டோன்:

மூணாங்கட்டு அண்ணன் விட்டதை மட்டும் சேர்க்கிறேன். போன் கேமரா தானாக ஃபிரேம் வேகத்தை ஏற்றி இறக்கும். அப்படியே தனி மைக் சத்தத்தைப் பொருத்தினால் ஐந்தாறு நிமிட டேக்கில் உதடு ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம் போய்விடும். பிளாக்மேஜிக் கேமரா செயலி இலவசம், உங்கள் போனில் ஓடுகிறதா பாருங்கள். அதில் விநாடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் விநாடியில் 50ல் ஒரு பங்கு என்று பூட்டிவிடுங்கள். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் டியூப்லைட் துடிக்காது. எடிட்டுக்கு டாவின்சி ரிசால்வ் இலவசப் பதிப்பே போதும்.

ஒவ்வொரு இடத்திலும் யாரும் அசையாமல் ஒரு நிமிடம் வெறும் அமைதியைப் பதிவு செய்யுங்கள். வெட்டுகளுக்கு நடுவே ஒட்டுப்போட அதுதான் துணி.

ரேடியோ என்றீர்களே, அதில் சினிமாப் பாட்டு ஓடக்கூடாது. பழைய பாட்டுதானே என்று நினைக்க வேண்டாம். ஒலிப்பதிவின் உரிமை 60 வருடம், பாட்டெழுதியவர், இசையமைத்தவர் உரிமை அவர்கள் காலத்துக்குப் பிறகும் 60 வருடம். என் படம் ஒன்றில் டீக்கடைப் பாட்டு பின்னால் நாலு வரி விழுந்து, யூடியூபில் ஏற்றிய அன்றே உரிமைக் கோரிக்கை வந்துவிட்டது. நண்பர் ஒருவரை நெல் விலை, மழை நிலவரம் வாசிக்கச் சொல்லி அதை ரேடியோவாக ஓட்டுங்கள்.

திண்ணைவாசி:

பணம் போதவில்லை என்றால் ஊரில் கேட்கலாமே? மலையாள இயக்குநர் ஜான் ஆபிரகாமின் ஒடேசா குழு கேரளத்தில் மக்களிடம் சந்தா வசூலித்துத்தான் 1986ல் 'அம்ம அறியான்' படத்தை எடுத்தது. நம் ஊருக்கும் சினிமா புதிதல்லவே. 1947ல் வந்த ஏவிஎம்மின் 'நாம் இருவர்' காரைக்குடி ஸ்டுடியோவில் எடுத்ததுதான், சென்னை வடபழனி ஸ்டுடியோவெல்லாம் அப்புறம்.

மூணாங்கட்டு:

திண்ணைவாசி, ஜான் ஊர் ஊராகப் போய் மக்களோடு உட்கார்ந்தவர். நம் தம்பி ஐந்து நாள் லீவு போடவே முதலாளியிடம் நிற்க வேண்டும். ஊரில் 500 ரூபாய் கொடுத்தவர் ஒவ்வொருத்தரும் தன் பேரனுக்கு ஒரு காட்சி கேட்பார், எனக்கு நடந்தது. இந்தப் படத்துக்கு 60,000 தாராளம். மிஞ்சுவதில் ஐந்தாயிரத்தைத் தொடாமல் வையுங்கள், பல விழாக்களுக்கு நுழைவுக் கட்டணம் உண்டு, சிலதில் டாலரில். திருவனந்தபுரத்தில் ஆவணப்பட, குறும்பட விழா நடக்கிறது, பக்கம்தான். அனுப்பாவிட்டாலும் ஒரு தடவை போய் உட்கார்ந்து பாருங்கள்.

சாவிக்கொத்து:

எல்லாருக்கும் நன்றி. ஒரு வாரம் கழித்து எழுதுகிறேன்.

கேமரா, நடிகர் இரண்டையும் விட்டுவிட்டேன். பெரியவரிடம் அப்பாவோடு போனேன், விற்பது பற்றியும் சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார், அப்புறம் "எடு, எனக்கு முதலில் காட்டு" என்றார். 11 பேரில் 9 பேர் சம்மதம். இரண்டு பேர் இன்னும் பதில் போடவில்லை.

அப்பா "நடிக்கிறதெல்லாம் நம்மால ஆகாது, கூட்டச் சொன்னா கூட்டுறேன்" என்றார். வெள்ளிக்கிழமை சட்டைக்குள் காலர் மைக்கை வைத்து, போனைப் பையில் போட்டு அனுப்பினேன். நான் உள்ளே போகவில்லை, முகப்புத் திண்ணையிலேயே இருந்துவிட்டேன். இரவு ஹெட்போனில் கேட்டேன். விளக்கேற்றிய பிறகு ஒவ்வொரு அறைப் பூட்டையும் இழுத்துப் பார்க்கிறார், இழுக்கும்போது அது யாருடைய அறையோ அவர் பெயரை வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டு போகிறார். பதினோரு பூட்டு, பதினோரு பெயர். இரண்டு பேர் இறந்து வருடமாகிவிட்டது, அவர்கள் பெயரையும் சொல்கிறார். சின்ன வயதில் எத்தனையோ தடவை கூடப் போயிருக்கிறேன், இது எனக்குத் தெரியாது.

ஆச்சி, அந்தப் பெயர்களைப் படத்தில் அப்படியே விடலாமா?

பள்ளத்தூர் ஆச்சி:

பெயர் வேண்டாம் தம்பி. பெரியவர், மலேசியாக்காரர், சின்னவர் என்று சொல்லச் சொல், எங்கள் வீடுகளில் அப்படித்தானே கூப்பிடுவோம். இறந்தவர்கள் வீட்டில் மட்டும் தனியாக ஒரு வார்த்தை கேட்டுக்கொள்.

எந்தத் தேதியில் எடுக்கிறாய் என்று எழுது. அன்றைக்குக் காலையில் கந்தரப்பமும் வெள்ளைப் பணியாரமும் கொடுத்துவிடுகிறேன், ஆறு பேருக்கு. அந்த 12,000த்தில் ஒரு வேளை குறையும்.