ஓய்வுபெற்ற படைவீரருக்குக் கைரோபிராக்டிக் சிகிச்சை தொடருமா?

கேள்வி:
அமெரிக்கத் தரைப்படையில் 20 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வுபெற்ற என் தங்கையின் கணவருக்கு நெடுநாளாக இடுப்புவலி இருக்கிறது. பணியில் இருந்தவரை படைத்தள மருத்துவமனையிலேயே கைரோபிராக்டிக் (முதுகெலும்பையும் மூட்டுகளையும் கைகளால் அழுத்தியும் திருப்பியும் செய்யும்) சிகிச்சை பெற்றுவந்தார். இப்போதோ படையினருக்கும் அவர்கள் குடும்பத்தாருக்குமான ட்ரைகேர் மருத்துவக் காப்பீடு அதற்குப் பணம் தராது என்கிறார்கள். முன்னாள் படைவீரர் நலத்துறை வழியாகத் தொடர முடியுமா? அதனால் உண்மையிலேயே பயன் உண்டா என்ற ஐயமும் எனக்கு இருக்கிறது.

மறுமொழி 1:
முடியும். பாதுகாப்புத் துறையும் முன்னாள் படைவீரர் நலத்துறையும் தனித்தனிச் சட்டங்களின்படி இச்சிகிச்சையை அளிப்பதால்தான் இந்தக் குழப்பம். முன்னது 1995இல் சோதனைத் திட்டமாகத் தொடங்கிப் பின்னர் நிலைபெற்றது; ஆனால் பணியில் இருப்போருக்கு மட்டும், அதுவும் குறிப்பிட்ட படை மருத்துவமனைகளில் மட்டுமே கிடைக்கிறது. நலத்துறையோ, 2002 ஜனவரியில் கையெழுத்தான சட்டத்தின்படி, 2004 முதல் தன் மருத்துவமனைகளிலேயே கைரோபிராக்டர்களை அமர்த்தத் தொடங்கியது. ஒவ்வொரு வட்டாரத்திலும் குறைந்தது பாதி மருத்துவமனைகளிலாவது 2021 இறுதிக்குள் இச்சேவை இருக்க வேண்டும் என்று 2018ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. அவர் நலத்துறையில் பதிவு செய்துகொண்டு, அங்குள்ள முதன்மை மருத்துவரிடம் பரிந்துரை கேட்க வேண்டும். அருகில் வசதி இல்லையென்றால், துறையின் முன் ஒப்புதலோடு வெளியிலுள்ள கைரோபிராக்டரிடம் அனுப்புவதும் உண்டு. ஒப்புதல் வருமுன் சென்றால் செலவு அவர் தலையில்தான் விழும்.

மறுமொழி 2:
பயனைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பணியிலுள்ள படையினர் 750 பேரை மூன்று படை மருத்துவமனைகளில் வைத்துச் செய்த ஆய்வு 2018இல் வெளியானது. வழக்கமான சிகிச்சையோடு ஆறு வாரம் கைரோபிராக்டிக்கும் பெற்றவர்களுக்கு, வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட இடுப்புவலியும் அதனால் வந்த முடக்கமும் மிதமான அளவு கூடுதலாகக் குறைந்தன. ஆயினும் தமக்கு எந்தச் சிகிச்சை நடக்கிறது என்பது பங்கேற்றோருக்குத் தெரியும். ஒப்பீட்டுக்காகச் சிகிச்சை போலவே பாவனையாகச் செய்யும் முறையோடு ஒப்பிடவும் இல்லை. ஆகவே கைகளால் செய்த சிகிச்சையால் வந்த பலன் எவ்வளவு, கூடுதல் கவனிப்பால் வந்த பலன் எவ்வளவு என்று அந்த ஆய்வைக் கொண்டு பிரித்துச் சொல்ல முடியாது. இடுப்புவலிக்கு உடற்பயிற்சியோடு சேர்த்துச் செய்துகொள்வதில் தவறில்லை. எல்லா நோய்க்கும் மருந்து என்று எவராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. என் தங்கைக்கும் கழுத்துவலி உண்டு. அவளுக்கும் இதே வழியில் கிடைக்குமா?

மறுமொழி 1:
கிடைக்காது. நலத்துறையின் இச்சேவை முன்னாள் படைவீரருக்கானது; ட்ரைகேரும் படைவீரரின் குடும்பத்தாருக்கு இச்சிகிச்சையை ஏற்பதில்லை. பிசியோதெரபிக்கு இடமுண்டு; அதைக் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

மறுமொழி 3:
கழுத்தைச் சட்டெனத் திருப்பும் முறையால், அரிதாகவேனும், இரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் ஏற்பட்டதாகப் பதிவுகள் உள்ளன. ஆகவே உங்கள் தங்கை முதலில் மருத்துவரிடம் காட்டுவதே நல்லது. அவர் கணவருக்குக் காலில் வலுக்குறைவோ, தொடையிடுக்கில் மரத்துப்போதலோ, சிறுநீர் கழிப்பதில் திடீர்த் தடையோ தோன்றினால், பரிந்துரைக்காகக் காத்திராமல் உடனே அவசரப் பிரிவுக்குச் செல்ல வேண்டும்.