பாடம் பேசுகிற கணக்கு ஆசிரியர்களை எங்கே பிடிப்பது?

கானாடுகாத்தான் டீச்சர்:
நடுநிலைப்பள்ளியில் கணக்கு எடுக்கிறேன். எங்கள் வாட்ஸ்அப் குழுவில் காலை வணக்கமும் சுற்றறிக்கையும்தான் ஓடுகின்றன. சமச்சீர்த்தன்மைப் பாடத்தை எப்படி நடத்தலாம் என்று கேட்டால் ஒருவரும் வாய் திறப்பதில்லை. பாடத்தைப் பற்றிப் பேச இணையத்தில் நல்ல இடம் இருக்கிறதா?

தேவகோட்டை சார்:
நம் பாடநூலில் இணையச் செயல்பாடு என்று வருகிறதே, வடிவங்களை வரைந்து பார்க்கிற கணக்குத் தளம், அந்த ஜியோஜீப்ராவிலேயே தொடங்குங்கள் டீச்சர். இலவசம்தான். மற்ற ஆசிரியர்கள் செய்து வைத்ததை எடுத்து நம் வகுப்புக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம். நான் பூப்போட்ட ஓர் ஆத்தங்குடித் தரைக்கல்லைப் போட்டோ எடுத்து ஏற்றினேன். பூவில் கால்வாசியை மட்டும் வரைந்து இரண்டு கோடுகளில் எதிரொளிக்க வைத்தால் முழுப் பூவும் விரிந்துவிடும். மறுநாள் பிள்ளைகள் வீட்டுத் தரையில் கண்டுபிடித்த சமச்சீர்க் கோடுகளை வரைந்துகொண்டு வந்தார்கள். அதை அங்கே பொதுவில் போட்டேன். கோயம்புத்தூர் டீச்சர் ஒருவர் அதையே கோலத்துக்கு மாற்றி எனக்கு இணைப்பு அனுப்பினார். அப்புறம் எங்களுக்குள் பேச்செல்லாம் பாடம்தான். வெறும் கேள்வியாகக் கேட்காமல் நீங்கள் செய்த ஒன்றைப் போடுங்கள். அதைப் பார்த்துத்தான் ஆள் வரும்.

பள்ளத்தூர் மேடம்:
முறையாகப் படிக்க மத்திய அரசின் இணையப் படிப்புத் தளமான ஸ்வயம் இருக்கிறது. படிப்பு இலவசம், சான்றிதழ் வேண்டுமென்றால்தான் தேர்வுக் கட்டணம். பள்ளிக் கல்விக்கான அரசுத் தளமான திக்‌ஷாவில் நிஷ்தா என்ற ஆசிரியர் பயிற்சிகளும் உண்டு. ஒன்று மட்டும்: பிள்ளைகள் முகம் தெரிகிற படத்தை எங்கும் போடாதீர்கள்.

கானாடுகாத்தான் டீச்சர்:
நன்றி சார், மேடம். என்னிடம் போன்தான் இருக்கிறது, போதுமா?

தேவகோட்டை சார்:
தாராளமாக. ஜியோஜீப்ரா செயலியாகவே கிடைக்கிறது.